கோட்டை மேலிருந்து நான் காட்டிய ஊர்

இதை எழுதாமல் தள்ளிப்போட்ட வருஷங்களை எண்ணிப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு சாம்பல் புதனன்றும் நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து திரும்பும்போது, இந்தத் தவக்காலம் முடிவதற்குள் எழுதிவிடுகிறேன் ஆண்டவரே என்று நேர்ந்துகொள்வேன். ஈஸ்டர் வந்துவிடும். நோட்டில் முதல் பக்கம்கூட நிரம்பியிருக்காது. நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்துப் பழக்கம் இல்லை என்று மற்றவர்களிடம் சாக்குச் சொல்வேன். உண்மையான காரணம் அது இல்லை. எழுதினால் நான் யார் என்பது தெரிந்துவிடும் என்ற பயம்தான்.

என் மனைவி, "ஊரே மறந்துட்ட சங்கதிய நீ எதுக்கு இப்ப கிளறிக்கினு கீற?" என்று கேட்டாள். மறந்திருந்தால் நான் கிளறியிருக்க மாட்டேன். சில மாதங்களுக்கு முன்னால் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவருக்குக் கோட்டைக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். அது நான் கட்டிவிட்ட கதை. நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தவன்தான்.

விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம் நான் செஞ்சிக் கோட்டைக்கு வேலைக்குப் போனேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. வேலிகாத்தான் முள் வெட்டுகிற கூலி வேலை. அப்போது கோட்டை என்றால் யாரும் விசேஷமாக நினைக்க மாட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கு அது ஆடு மேய்க்கிற இடம், விறகு பொறுக்குகிற இடம். மண்டபக் கல்லில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயப் போடுவார்கள். மழை வந்தால் ராஜா குதிரை கட்டின லாயத்தில் எருமை நிற்கும். முள்ளை வெட்ட வெட்ட உள்ளேயிருந்து ஒரு படி தெரியும், ஒரு சுவர் தெரியும், ஒரு குளத்தின் கரை தெரியும். வெட்டின எங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். இவ்வளவு நாள் இதற்கு மேல்தானா நடந்துகொண்டிருந்தோம் என்று தோன்றும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கம்பி வேலி வந்தது. புல்தரை போட்டார்கள். பலகை வைத்தார்கள். டிக்கெட் வந்தது. டிக்கெட் வந்த பிறகு ஆட்டுக்காரர்கள் வெளியே நின்றார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் புதுச்சேரியிலிருந்து கார்க்காரர்களும் உள்ளே வந்தார்கள். வந்தவர்களுக்கு எது கல்யாண மகால், எது நெற்களஞ்சியம், எந்தப் பக்கம் ஏறினால் மலை உச்சி என்று காட்ட ஆள் தேவைப்பட்டது. முள் வெட்டின எனக்குக் கோட்டையில் தெரியாத சந்து இல்லை. அப்படித்தான் நான் வழிகாட்டி ஆனேன். யாரும் எனக்குச் சட்டை கொடுக்கவில்லை, அட்டை கொடுக்கவில்லை. வாசலில் நிற்பேன். கூப்பிட்டால் போவேன்.

சரித்திரம் எனக்கு வந்தது காதால்தான். கல்லூரி வாத்தியார்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து விளக்கும்போது ஓரமாக நின்று கேட்பேன். ராத்திரி ஜெபமாலை சொல்லி முடித்த பிறகு, கேட்டதை மனசுக்குள் ஒப்பித்துப் பார்ப்பேன். நாயக்கர்கள் ஆண்டது, பீஜப்பூர் சுல்தான் பிடித்தது, பிறகு மராட்டியர் பிடித்தது, டெல்லிப் படை வந்து ஏழெட்டு வருஷம் வெளியே கூடாரம் போட்டு உட்கார்ந்தது, சின்ன வயசில் ஒரு ராஜா போரில் செத்தது, கடைசியில் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் மாற்றி மாற்றிப் பிடித்தது. இதெல்லாம் நடந்தது. இதில் நான் கை வைத்தது இல்லை.

கை வைத்தது ஒரே ஒரு இடத்தில்.

ராஜகிரி மேலே ஏறி மூச்சு வாங்கி நிற்கும்போது வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். டெல்லிப் படை ஏழெட்டு வருஷம் முட்டிக்கொண்டு நின்ற கோட்டையைப் பிரெஞ்சுக்காரன் ஒரே ராத்திரியில் பிடித்தான் என்று நான் சொன்னதும், "ஒரே ராத்திரியிலயா? எப்படிங்க?" என்பார்கள். முதல் மூன்று நான்கு வருஷம் நான் உள்ளதைச் சொன்னேன். "சரியா தெரியலீங்க, பீரங்கி வெச்சி வாசல உடைச்சாங்கன்னு சொல்றாங்க." சொன்னதும் அவர்கள் முகம் விழுந்துவிடும். ஆயிரம் படிக்கு மேல் ஏறி வந்தவர்களுக்கு இதுதானா பதில் என்பது போலப் பார்ப்பார்கள். காமிராவைத் திருப்பிக்கொண்டு குரங்கைப் படம் பிடிக்கப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் ஒரு பெரிய குடும்பம் வந்தது. நல்ல மனுஷர்கள். அவர்களில் ஒரு பெரியவர் அதே கேள்வியைக் கேட்டார். என் வாய் தானாக, "எவனோ ஒருத்தன் காட்டிக் குடுத்துட்டாங்க ஐயா" என்றது.

எல்லாரும் திரும்பினார்கள். குரங்கு பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கிட்டே வந்தார்கள். "யாரு?"

"ஆடு மேய்க்கிறவன். ஆடு ஏர்ற வழி ஒண்ணு இருந்துது. பிரெஞ்சுக்காரன் கையில பந்தத்த வாங்கிக்கினு முன்னாடி நடந்தவனே அவந்தான்."

"எந்த ஊர்க்காரன்?"

கை நீட்டினேன். அதோ தெரியுதே, பனைமரத்துக்குப் பக்கத்தில் ஏழெட்டு ஓட்டு வீடு, அந்த ஊர் என்றேன். ஏன் அந்த ஊர் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் பதில் இல்லை. நான் நின்ற பாறையிலிருந்து நேராகத் தெரிந்தது அதுதான். அந்த ஊரோடு எனக்குச் சண்டை இல்லை, பொறாமை இல்லை. பார்க்க வசதியாக இருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் குடும்பம் இறங்கும்வரை அதையே பேசிக்கொண்டு இறங்கியது. பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "நெசமா?" என்று கேட்டாள். சும்மா ஒரு இதுக்குச் சொன்னேன் என்றேன். "பொய்ச்சாட்சி பாவம்யா" என்றாள். செத்துப்போய் இருநூறு முந்நூறு வருஷம் ஆனவன் மேல என்ன சாட்சி, அதுவும் இல்லாத ஆள் மேல, என்று நான் வாயை அடைத்துவிட்டேன்.

மறுநாளும் சொன்னேன். அப்புறம் சொல்லாத நாள் இல்லை. ஒன்பது வருஷம் சொன்னேன்.

நான் கை காட்டிய அந்த ஊர்ப் பெண் ஒருத்தி கோட்டை வாசலில் கூடை வைத்து வெள்ளரிக்காய் விற்பாள். வேகவைத்த மல்லாட்டையும் வைத்திருப்பாள். புருஷன் கல் உடைக்கிற இடத்தில் கண் போய் வீட்டோடு இருந்தான். என்னை அவள் "கைடு அண்ணே" என்று கூப்பிடுவாள், நான் தங்கச்சி என்பேன். வெயிலில் இறங்கி வந்தால் கேட்காமலேயே ஒரு வெள்ளரிக்காயைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவி நீட்டுவாள். அவள் காதிலும் கதை விழுந்தது. ஆரம்பத்தில் சிரித்தாள்.

"இன்னாண்ணே, எங்க ஊரு ஆளு கோட்டையையே தூக்கிக் குடுத்தானாமே? பிரெஞ்சுக்காரன் இன்னா குடுத்தானாம்? எங்க வூட்டு ஓடு ஒழுவுது, அத மாத்தவாவது ஏதாச்சும் எடுத்து வெச்சிட்டுப் போயிருக்கக் கூடாது அந்தக் கெழவன்?"

நானும் சிரித்தேன். வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டே சிரித்தேன்.

கதை என் கையை விட்டுப் போனது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. என்னோடு வாசலில் நின்ற மற்ற வழிகாட்டிகள் தங்கள் பங்குக்குச் சேர்த்தார்கள். ஒருவர் தங்கக்காசு மூட்டை ஒன்றைச் சேர்த்தார். இன்னொருவர், அந்த ஆட்டுக்காரனைப் பிரெஞ்சுக்காரனே மலையிலிருந்து தள்ளிவிட்டான் என்றும், அவன் பெண்சாதி விட்ட சாபத்தால் அந்த ஊரில் யாரும் உருப்படுவதில்லை என்றும் சொன்னார். வாத்தியார்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள். அந்த வழியே போன ஒரு மினி பஸ்ஸின் கண்டக்டர் வேடிக்கைக்காரர். அந்த ஊர் நிறுத்தம் வந்தால், "காட்டிக் குடுத்தவங்கள்லாம் ஜல்தியா எறங்கு, ஜல்தி!" என்பார். பஸ்ஸே சிரிக்கும். இறங்குகிறவர்களும் முதலில் சிரித்தார்கள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்கள். நான் அதே பஸ்ஸில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

வெள்ளரிக்காய்த் தங்கச்சிக்கு ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்துத் திண்டிவனத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். பேச்சில் அம்மாவை மிஞ்சுவாள். அவளுக்குத் திண்டிவனத்திலேயே ஒரு மாப்பிள்ளை அமைந்தது. மின்சாரச் சாமான் கடையில் வேலை, குடிப்பழக்கம் இல்லை. பெண் பார்த்துப் பிடித்துப் போய், தட்டு மாற்ற நாள் குறித்தார்கள். தங்கச்சி கூடையைக்கூட மறந்துவிட்டு எனக்கு அதைச் சொன்னாள். "அண்ணே, நீயும் அண்ணியும் வந்துடணும். பூசை கீசைன்னு சாக்கு சொல்லக் கூடாது" என்றாள்.

எங்கள் பக்கத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் பிள்ளை வீட்டார் விசாரிப்பது வழக்கம். டீக்கடையில், பஸ்ஸில், பெண்ணின் ஊருக்குப் பக்கத்து ஊரில், யாரிடமும் சொல்லாமல் கேட்டுப் பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் அக்காள் புருஷன் அப்படி விசாரிக்க வந்தார். எந்த ஊர்ப் பெண் என்று டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறார். கடையே சிரித்திருக்கிறது. "சாமி, பாத்து, கோட்டையவே காட்டிக் குடுத்த ஊரு, உங்க வூட்டு பீரோ சாவிய பத்திரமா வெச்சிக்கங்க." இது போதாது என்று அவர் பள்ளியில் படிக்கும்போது சுற்றுலா வந்தவராம். மலை மேல் ஒரு வழிகாட்டி கை நீட்டிக் காட்டினது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

தட்டு மாற்ற நான்கு நாள் இருக்கும்போது ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்கள்.

தங்கச்சி ஒரு வாரம் வரவில்லை. வந்த அன்று எனக்கு வெள்ளரிக்காய் நீட்டவில்லை. நான்தான் போய்க் கூடைக்கு முன்னால் குந்தினேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், சாமி சத்தியமா சொல்லு. அந்தக் கத புஸ்தகத்துல கீதா?"

"எல்லாரும் சொல்றாங்களேம்மா" என்றேன். இருக்கிற பொய்யிலெல்லாம் அதுதான் கேவலமான பொய். எல்லாரும் சொல்வதற்கு முன்னால் சொன்ன ஒருவன் நான்தானே.

"அப்ப நெசந்தானா" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி எதிர்த்துப் பேசியதை நான் பார்க்கவில்லை. அதுவரை ஊர்தான் நம்பிக்கொண்டிருந்தது. அன்று முதல் அவளும் நம்பினாள். தன் முப்பாட்டன் ஒருவன் கோட்டையைக் காட்டிக் கொடுத்தான் என்று அவள் நம்பினாள், நான் குந்தியிருந்த இடத்தில், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்கே நான் கதையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மாற்றினேன். ஊரை மட்டும் மாற்றினேன். கையை வேறு பக்கம் நீட்டி, தூரத்தில் மங்கலாகத் தெரிந்த வேறு ஒரு ஊரைக் காட்டினேன். அந்தத் தங்கச்சிக்கு நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன். இரண்டு மாதம் அப்படிச் சொன்னேன்.

அந்த வருஷத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது வழக்கமான பாவங்களோடு இதையும் சேர்த்துச் சொன்னேன். கோபப்பட்டேன், ஒரு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை, ஒரு பொய் சொன்னேன் என்று. எங்கள் பங்குச் சாமியார் என்ன பொய் என்று கேட்டார். சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள்.

"இப்ப அந்தக் கதையைச் சொல்றதில்லையா?" என்றார்.

"சொல்றேன் சாமி. ஆனா ஊர மாத்திட்டேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "அந்த ஊர்லயும் பொண்ணுங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

இருக்காங்க சாமி என்றேன்.

"ஒருத்தர் கிட்ட திருடினா, ஜெபம் மட்டும் சொன்னாப் போதுமா? பொருளைத் திருப்பிக் குடுக்கணும் இல்லையா? பேரும் அப்படித்தான். நீங்க எடுத்ததைக் கொண்டு போய்க் குடுங்க."

"எப்பிடி சாமி? கேட்டவங்க எல்லாம் பஸ் ஏறிப் போயிட்டாங்களே. எங்கன்னு போய்த் தேடறது?"

"எல்லாரையும் தேட முடியாது. எந்த வீட்ல காரியம் கெட்டதோ அங்கயிருந்து ஆரம்பிங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திண்டிவனம் போனேன். மாப்பிள்ளை வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. மாப்பிள்ளையின் அப்பா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டார். கோட்டையில் வழி காட்டுகிறவன், ஒரு விஷயம் சொல்ல வந்தேன் என்றேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் சொல்ல ஆரம்பித்தேன்.

"அந்த ஆட்டுக்காரன் கத பொய்ங்க. அப்பிடி ஒருத்தனே இல்ல. நான்தான் கட்டி விட்டேன்."

அவர் கையைத் துணியில் துடைத்தார். "ஏங்க, கோட்டைக்குள்ளயே கெடக்கற ஆளு, நீங்களே சொன்னீங்கன்னா அதானே சரித்திரம்?"

"நான் சொன்னதுதாங்க பொய்."

"அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? நாங்க எத நம்பறது?"

அவர் குரலைத் தாழ்த்தி, "பொண்ணு வூட்டுக்காரங்க அனுப்பிச்சாங்களா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்லீங்க. எங்க தேவமாதா மேல ஆணை. அவங்களுக்கு நான் வந்ததே தெரியாது."

"இவ்ளோ தூரம் ஆள் வெச்சி மறைக்கறாங்கன்னா, உள்ள ஏதோ கீதுன்னுதானே நெனைக்கத் தோணுது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாகக் கேட்கிறவர் போலத்தான் கேட்டார். உள்ளே கதவோரம் மாப்பிள்ளைப் பையன் நின்றிருந்தான்.

அப்போது அந்தப் பிள்ளையின் அம்மா வெளியே வந்தாள். "அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டா? அந்தக் கதைய நாங்க நம்பவே இல்ல. எந்தக் காலத்துலயோ எவனோ பண்ணதுக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணும், நல்ல பொண்ணு. ஆனா மண்டபத்துல பந்தியில உக்காந்துகினு நாலு பேரு சிரிப்பாங்க இல்ல? பத்திரிகையில ஊரு பேரு போடணும் இல்ல? அந்தப் பேஜாரு எங்களுக்கு எதுக்கு?"

பொய்யை நம்பினவர்களிடம் உண்மையைச் சொல்லலாம் என்றுதான் நான் போயிருந்தேன். நம்பாமலேயே பயப்படுகிறவர்களிடம் என்ன சொல்வது? தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். என்னால் காரியம் கொஞ்சமும் சீராகவில்லை, இன்னும் கொஞ்சம் கெட்டதுதான் மிச்சம்.

மறுநாள் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். பெண் வேலைக்குப் போகாமல் இருந்தாள். அம்மா, கண் தெரியாத அப்பா, மகள், மூன்று பேருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். திண்டிவனம் போனதையும் சொன்னேன். தங்கச்சி அழவில்லை. முறத்தில் இருந்த மல்லாட்டையைக் கிளறிக்கொண்டே, "உனக்கு எத்தினி வெள்ளரிக்கா கீறிக் குடுத்திருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் புருஷன் நான் இருந்த திசையைத் தேடி முகத்தைத் திருப்பி, "அப்ப எங்க ஆளுங்க யாரும் அப்பிடிப் பண்ணல, அதானே?" என்று கேட்டான். இல்லை என்றேன். "இன்னொரு தபா சொல்லு" என்றான். சொன்னேன்.

மகள்தான் எழுந்து செருப்பை மாட்டினாள். "எங்க நின்னுகினு சொன்ன மாமா? அந்த எடத்தக் காட்டு, வா."

கோட்டை வாசலில் அவள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாள். சின்ன வயசில் அம்மாவோடு ஆடு ஓட்டி வந்து ஏறின மலை அது. டிக்கெட்டைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள். எனக்கு முன்னால் படி ஏறினாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. மரப்பாலத்தைத் தாண்டி அந்தப் பாறைக்கு வந்தோம்.

"சொல்லு. வந்தவங்களுக்குச் சொல்ற மாதிரியே சொல்லு."

"வேணாம்மா."

"சொல்லு மாமா. நான் டிக்கெட் வாங்கிக்கினு வந்தவ."

சொன்னேன். ஆட்டுக்காரன், பந்தம், கடைசியில் ஊரைக் காட்டுவது எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்குப் பழக்கமான கதை, நிறுத்த வேண்டிய இடத்தில் தானாக நின்றது, குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் குரல் தானாகத் தாழ்ந்தது. அவள் தன் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முடித்ததும், "நல்லாத்தான் சொல்ற. நானே நம்பிடுவேன் போல கீது" என்றாள்.

அந்தச் சொல்லுக்குப் பதிலாக அவள் என்னை அடித்திருந்தால் தேவலை.

இதற்குள் நான்கைந்து பேர் எங்கள் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள். அதில் ஒரு அம்மா, "எந்த ஊருங்க, அந்தப் பனைமரத்துக்கிட்டயா?" என்று கேட்டுவிட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் அந்த அம்மாவிடம், "அது பொய்ங்க. நானே கட்டின கத. அந்த ஊர்ல அப்பிடி ஒருத்தனும் இல்ல, எந்த ஊர்லயும் இல்ல" என்றேன்.

"அப்ப பிரெஞ்சுக்காரனுக்கு யாருதான் வழி காட்டினது?" என்றார் கூட வந்தவர்.

"தெரியாதுங்க."

அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குரங்கைப் பார்க்கப் போய்விட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மகள் பாறையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "இதச் சொல்றதுக்கு உனக்கு இத்தினி வருஷமா மாமா?" என்றாள். பிறகு, "அந்த வூட்டுக்காரங்க வேணாம்னுட்டது எனக்கு ஒண்ணும் பெரிசில்ல. பயந்தாங்கொள்ளிக் கூட்டம். எனக்குப் பின்னாடி எங்க தெருவுல ஆறு பொண்ணுங்க கீது. அதுங்கள நெனைச்சாத்தான் பயமா கீது" என்றாள்.

அதற்குப் பிறகு முழங்கால் தேய்ந்து படி ஏற முடியாமல் போகும்வரை ஏழு வருஷம் வழிகாட்டியாக இருந்தேன். யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் தெரியாது என்றேன். சிலரிடம், இப்படி ஒரு பொய்க்கதை உலவுகிறது, அதைக் கட்டினவன் நான்தான் என்றும் சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். சிலர், "நீங்க அந்த ஊர்க்காரரா? அதான் மறைக்கறீங்க" என்றார்கள். மினி பஸ் கண்டக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மாதிரி, நிறுத்திவிட்டார். ஆனால் அவருக்குப் பிறகு வந்த கண்டக்டர் அதை எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்ற மற்றவர்கள் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள், பிழைப்பைக் கெடுக்கிறேன் என்று. பொய் சொல்ல ஒரு வாய் போதுமாயிருந்தது. அதை மறுக்க ஒன்பது வருஷக் கூட்டத்துக்கும் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பீர்கள். இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் போய் அனுமதி கேட்டேன். எழுது என்றாள். "ஆனா என் கதைய எழுதாத மாமா. கல்யாணம் ஆயிட்டுதுன்னு எழுதினா, அதான் ஆயிட்டுதே அப்பறம் இன்னான்னு சொல்லுவாங்க. ஆவலன்னு எழுதினா, பாரு சாபம் நெசந்தான்னு சொல்லுவாங்க. நீ பண்ணத மட்டும் எழுது" என்றாள். அதனால் நான் பண்ணினதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஆண்டவர் என்னை மன்னித்தாரா என்பது எனக்கும் அவருக்கும் உள்ளது. படிக்கிற உங்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. இதை யாருக்காவது சொல்லத் தோன்றினால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். சுவையாக இருக்கட்டும் என்று ஒன்றும் சேர்க்காதீர்கள், நீளமாக இருக்கிறது என்று என் தப்பைக் குறைக்காதீர்கள். கடைசியில் நான் நல்லவனாகிவிட்டதாகச் சொல்லாதீர்கள். அது எந்த ஊர் என்று யாராவது கேட்டால், எழுதினவன் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். நீங்களாக ஒன்றை நினைத்துக்கொண்டு காட்டிவிடாதீர்கள். எங்கே கை காட்டினாலும் அங்கே ஒரு வீடு இருக்கும்.